புதுப்பிப்பு: சுழலும் ரம்ப மேடை தயார்

சின்ன ஷெட்டில் கட்-ஆஃப் மெஷினுக்கும் (சுழலும் உரசு வட்டால் இரும்பு வெட்டுவது) பேண்ட்சாவுக்கும் (பட்டை ரம்பம்) தனித்தனி மேசை போட இடமில்லை, ஒரே தூணில் எதிரெதிராக வைத்துச் சுழற்றலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். செய்தாயிற்று. பழைய கார் வீல் ஹப்தான் (சக்கரத்தைப் பொருத்தும் நடுப்பகுதி) அச்சு. அதில் இருப்பது டேப்பர் பேரிங் (கூம்பு வடிவ உருளை பேரிங்) என்பதால் நட்டை அளவாக இறுக்கினால் ஆட்டம் போய்விடுகிறது.

"வெட்டும்போது திரும்பாதா?" என்று கேட்டிருந்தீர்கள். பேரிங் எடையைத்தான் தாங்கும், திரும்புவதைத் தடுக்காது. அதனால் மேல்தட்டின் விளிம்பில் துளை போட்டு 16 மி.மீ. லாக் பின் (மேடையைப் பூட்டும் முளை) இறக்கினேன். இந்த லாக் பின் மையத்திலிருந்து தள்ளியிருக்க இருக்க மேடை அசைவது குறையும்.

இரண்டு மெஷினின் தளமும் ஒரே உயரம், ஆகவே வெட்டும் நீளக் கம்பியைத் தாங்க ஒரு ரோலர் ஸ்டாண்டே போதும். வயர் முறுக்கிக்கொள்ளாமலிருக்க அரைச்சுற்றில் ஸ்டாப்பர். அப்புறம், கட்-ஆஃப் வீலின் தீப்பொறி பின்பக்கம் நேராக பேண்ட்சா மீது பாய்கிறது. நடுவில் தகரத் தடுப்பு கட்டாயம்.