ஒரே சபாநாயகர், 18 பேருக்கு ஒரு நியாயம், 11 பேருக்கு இன்னொன்றா?

குரூப்1_கனவு:
தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன், அரசியலமைப்பில் கட்சித் தாவலைத் தடுக்கும் பத்தாவது அட்டவணையில் மாட்டிக்கொண்டேன். 2017 பிப்ரவரி 18 நம்பிக்கை வாக்கெடுப்பில் ஓ.பி.எஸ். அணியின் 11 எம்.எல்.ஏ.க்கள் எடப்பாடி அரசுக்கு எதிராக வாக்களித்தார்கள். அவர்கள் பதவிக்கு ஒன்றும் ஆகவில்லை. அதே ஆண்டு செப்டம்பர் 18 அன்று தினகரன் பக்கம் இருந்த 18 எம்.எல்.ஏ.க்களை சபாநாயகர் தனபால் தகுதி நீக்கம் செய்தார். இவர்கள் முதல்வர் மேல் நம்பிக்கை இல்லை என்று ஆளுநரிடம் கடிதம்தான் கொடுத்திருந்தார்கள். எதிர்த்து ஓட்டுப் போட்டவர் உள்ளே, கடிதம் கொடுத்தவர் வெளியேவா? சட்டமே இப்படித்தானா? கட்சிச் சண்டை வேண்டாம், ப்ளீஸ்.

கருப்பு_கோட்டு:
தம்பி, கட்சித் தாவலுக்கு சட்டத்தில் இரண்டு வழி உண்டு. எப்படி வாக்களிக்க வேண்டும் என்ற கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறி வாக்களிப்பது ஒன்று, அதைக் கட்சி 15 நாளுக்குள் மன்னித்துவிடலாம். கட்சி உறுப்பினர் பதவியைத் தானாகக் கைவிடுவது மற்றொன்று, அதற்கு ராஜினாமா செய்திருக்க வேண்டியதில்லை, நடத்தையே போதும் என்று ரவி நாயக் வழக்கில் 1994லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 18 பேரை இந்த இரண்டாவது வழியில்தான் பிடித்தார்கள். உயர் நீதிமன்றத்தில் 2018 ஜூனில் இரண்டு நீதிபதிகள் ஆளுக்கொரு தீர்ப்பு, அக்டோபர் 25இல் மூன்றாவது நீதிபதி சபாநாயகர் செய்தது செல்லும் என்றார். சரி, அது அதோடு முடிந்தது.

11 பேர் விஷயத்தில்தான் எனக்குக் கோபம். அங்கே சபாநாயகரிடமிருந்து தீர்ப்பே வரவில்லை. தப்பான தீர்ப்பென்றால் கோர்ட்டுக்குப் போகலாம், அவர் மேஜை டிராயரில் கிடக்கும் தகுதி நீக்க மனுவை வைத்துக்கொண்டு என்ன செய்வது? 2020 பிப்ரவரியில், அதாவது மூன்று வருடம் கழித்து, சபாநாயகர் நோட்டீஸ் அனுப்பிவிட்டார் என்பதால் உச்ச நீதிமன்றமும் வழக்கை முடித்துவைத்தது. 2021இல் சபையின் ஆயுளே முடிந்துபோனது.

பழைய_ரேடியோ:
‘சபாநாயகருக்கு வானளாவிய அதிகாரம்’ என்று பி.எச்.பாண்டியன் சபாநாயகராக இருந்த காலத்தில் கேட்டு வளர்ந்தவன் நான். 1987இல் ஓர் அட்டைப்பட ஜோக்குக்காக ஆனந்த விகடன் ஆசிரியருக்கு மூன்று மாதச் சிறை என்று சபை தீர்மானித்தது, ஊரே கொதித்ததும் சில நாளில் விட்டுவிட்டார்கள். ஆனால் ஆளைக் குறை சொல்லிப் பயனில்லை. அடுத்த தேர்தலில் சீட்டு கொடுக்கப்போவது கட்சித் தலைமை, சபாநாயகர் எப்படி அந்தத் தலைமைக்கு எதிராகத் தீர்ப்பு எழுதுவார்? 1967இல் மக்களவை சபாநாயகரானதும் சஞ்சீவ ரெட்டி காங்கிரஸிலிருந்து விலகினார். சபாநாயகர் கட்சியை விட்டு விலகினால் தகுதி நீக்கம் கிடையாது என்று பத்தாவது அட்டவணையே கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறது. போகத்தான் ஆள் இல்லை. லண்டனில் பாருங்கள், நாற்காலியில் உட்கார்ந்ததும் கட்சியை விட்டுவிடுகிறார்.

காராச்சேவு:
பெரியவரே, லண்டனிலும் லட்சணம் அவ்வளவுதான். 2024 பிப்ரவரியில் காசா விவாதத்தன்று அங்கத்திய சபாநாயகர் ஹோயல் வழக்கத்தை மீறி லேபர் கட்சியின் திருத்தத்தையும் எடுத்துக்கொண்டார், ஸ்காட்லாந்து தேசியக் கட்சி கொதித்துப்போனது. ஒரு வித்தியாசம், அன்றைக்கே சபையில் மன்னிப்புக் கேட்டார். இங்கே அதை யாரும் கனவில்கூடப் பார்க்க முடியாது.

அப்புறம் ஒன்று, நீங்கள் எல்லாரும் எம்.எல்.ஏ.க்களைப் பற்றியே பேசுகிறீர்கள். அந்த 18இல் எங்கள் சாத்தூரும் ஒன்று. வழக்கு, அதன் மேல் வழக்கு என்று போய் 2019 மே மாதம் இடைத்தேர்தல் முடிவு வரும்வரை, ஒரு வருடம் எட்டு மாதம், எங்களுக்கு எம்.எல்.ஏ.வே கிடையாது. தெருவிளக்குக்கு மனு எழுதினால் யாரிடம் கொடுப்பது என்று கடையில் நின்று சிரித்துக்கொள்வோம்.

குரூப்1_கனவு:
நன்றி அண்ணன்களே. சபாநாயகர் இத்தனை நாளுக்குள் முடிவெடுக்க வேண்டும் என்று சட்டத்தில் எங்குமே இல்லையா?

கருப்பு_கோட்டு:
சட்டத்தில் இல்லை. 2020 ஜனவரியில் மணிப்பூர் கட்சித் தாவல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சாதாரணமாக மூன்று மாதம் என்றது, இந்த அதிகாரத்தைத் தனித் தீர்ப்பாயத்திடம் கொடுக்கலாமா என்று நாடாளுமன்றம் யோசிக்கட்டும் என்றும் சொன்னது. 2025 ஜூலையில் தெலங்கானாவில் கட்சி மாறிய 10 எம்.எல்.ஏ.க்கள் விஷயத்தில் திரும்பவும் அதே மூன்று மாதம். தேர்வில் கேட்டால் மணிப்பூர் வழக்கை எழுது, மார்க் உண்டு. சாத்தூர்க்காரருக்கு என்ன பதில் சொல்வது என்றுதான் தெரியவில்லை.