டிவியில் பார்த்த மருந்தை டாக்டரிடம் பெயர் சொல்லிக் கேட்கலாமா?

கேள்வி (நியூ ஜெர்சி):
இங்கே மாலைச் செய்தி பார்த்தால் இடையில் மருந்து விளம்பரம்தான். ஒருவர் நாயோடு புல்வெளியில் நடக்கிறார், ஒருவர் பேரனைத் தூக்குகிறார், கடைசியில் "உங்கள் டாக்டரைக் கேளுங்கள்". வயதான அப்பா அம்மாக்கள் பெயரைக் குறித்து வைத்துக்கொள்கிறார்கள். மூன்று சந்தேகம். பெயர் சொல்லிக் கேட்டால் டாக்டர் எழுதிக் கொடுத்துவிடுவாரா? விளம்பரத்தில் வரும் சதவீதத்தை எப்படிப் புரிந்துகொள்வது? இதையெல்லாம் அரசு பார்த்துத்தானே அனுமதிக்கிறது?

பதில் 1 (பொது மருத்துவம்):
முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். கேட்டால் எழுதும் வாய்ப்பு நிச்சயம் கூடும். இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். 2005-இல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வந்த ஆய்வு அது. பயிற்சி கொடுத்த நடிகர்களை நோயாளிகளாக 152 டாக்டர்களிடம் அனுப்பினார்கள். மொத்தம் 298 சந்திப்புகள். ஒரு சாராருக்கு உண்மையான மனச்சோர்வு நோயின் அறிகுறிகள். இன்னொரு சாராருக்கு வாழ்க்கை மாற்றத்தால் வந்த தற்காலிக வாட்டம். இதற்குப் பொதுவாக மாத்திரை தேவைப்படாது.

அந்த இரண்டாவது சாராரைப் பாருங்கள். எதுவும் கேட்காதவர்களில் 10 சதவீதத்தினருக்கே மாத்திரை எழுதப்பட்டது. டிவியில் பார்த்ததாகச் சொல்லி "பாக்சில்" என்ற மனச்சோர்வு மாத்திரையைப் பெயரோடு கேட்டவர்களில் 55 சதவீதத்தினருக்கு எழுதப்பட்டது. டாக்டரிடம் பதினைந்து நிமிடம்தான் இருக்கிறது. எழுதிக் கொடுக்க அரை நிமிடம் போதும். ஏன் வேண்டாம் என்று புரியவைப்பதற்குள் அடுத்தவர் வந்து உட்கார்ந்துவிடுவார்.

ஆனால் கேட்பதே தவறு என்று நினைத்துவிடாதீர்கள். உண்மையான மனச்சோர்வோடு போனவர்களில், வாய் திறந்து கேட்காதவர்களில் 56 சதவீதத்தினருக்கே குறைந்தபட்ச சிகிச்சையாவது கிடைத்தது. பெயர் சொல்லாமல் "இதற்கு மருந்து உண்டா?" என்று பொதுவாகக் கேட்டவர்களில் 98 சதவீதத்தினருக்குக் கிடைத்தது. பெயர் சொன்னவர்களுக்கு 90. அதனால் வாயை மூடிக்கொண்டு உட்காராதீர்கள், பெயரில் ஆரம்பிக்கவும் வேண்டாம். "மூன்று வாரமாகத் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, விளம்பரத்தில் சொன்னது எனக்கும் பொருந்துவது போலத் தெரிந்தது, என்ன செய்யலாம்?" என்று ஆரம்பியுங்கள். சாப்பிடும் எல்லா மருந்துகளின் பட்டியலும், ஊரிலிருந்து கொண்டுவந்த சூரணம், லேகியம் உட்பட, கையில் இருக்கட்டும்.

பதில் 2 (மருந்தாளுநர்):
சதவீதக் கணக்குக்கு, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் லிப்பிடார் மாத்திரையின் விளம்பரத்தைவிட நல்ல பாடம் இல்லை. "மாரடைப்பு ஆபத்து 36 சதவீதம் குறைகிறது" என்று பெரிய எழுத்து, பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. கீழே பொடி எழுத்தில்: ஒப்பிடுவதற்காகக் கொடுத்த, மருந்தில்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 3 சதவீதத்தினருக்கு மாரடைப்பு, லிப்பிடார் சாப்பிட்டவர்களில் 2 சதவீதத்தினருக்கு. அதாவது 100 பேர் மூன்று வருடத்துக்கும் மேல் தினமும் சாப்பிட்டால் ஒருவருக்கு மாரடைப்பு தவிர்க்கப்படுகிறது. இரண்டும் ஒரே ஆய்வின் கணக்குதான், பொய்யில்லை: 3-இலிருந்து ஏறக்குறைய 2-க்கு இறங்கியதைத்தான் 36 சதவீதக் குறைவு என்கிறார்கள். ஆனால் 36 என்று கேட்டவர் எடுக்கும் முடிவும், நூற்றில் ஒருவர் என்று கேட்டவர் எடுக்கும் முடிவும் ஒன்றாக இருக்காது. (ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்களுக்குப் பலன் இதைவிட அதிகம். யாரும் இதைப் படித்துவிட்டு ஸ்டாட்டினை (லிப்பிடார் வகை மருந்தை) நிறுத்திவிடாதீர்கள்.)

எந்த மருந்தானாலும் டெய்லிமெட் என்ற அமெரிக்க அரசுத் தளத்தில் முழு லேபிள், அதாவது மருந்தின் முழு விவரக் குறிப்பு, இலவசமாகக் கிடைக்கிறது. முதலில் மேலே கறுப்புக் கட்டம் போட்ட எச்சரிக்கை இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு 4-ஆம் பிரிவு, யார் சாப்பிடவே கூடாது. 7-ஆம் பிரிவு, வேறு எந்த மருந்தோடு மோதும். 14-ஆம் பிரிவில் ஆய்வின் அட்டவணைகள். அங்கே இரண்டு எண்களையும் எடுத்துக் கழித்துப் பாருங்கள். இன்னொன்று: எதோடு ஒப்பிட்டார்கள்? பல புதிய மருந்துகளை வெற்று மாத்திரையோடுதான் ஒப்பிட்டிருப்பார்கள். நீங்கள் இப்போது சாப்பிடும் மலிவான ஜெனரிக்கைவிட (பிராண்டு பெயரில்லாத மருந்தைவிட) அது மேல் என்று அந்த அட்டவணை சொல்லாது.

பக்கவிளைவுப் பட்டியலைக் கேட்டுப் பயந்து, சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மருந்தைத் தானாக நிறுத்துவதும் நடக்கிறது. ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் ரிவராக்ஸபானைத் திடீரென்று விட்டால் ரத்தக்கட்டி, பக்கவாதம் வரலாம். அந்த லேபிளின் கறுப்புக் கட்டத்திலேயே அது இருக்கிறது.

பதில் 3:
மூன்றாவது கேள்வியில் பலரும் ஏமாறுகிறார்கள். பொதுவாக விளம்பரத்தை எஃப்டிஏ (அமெரிக்க அரசின் உணவு, மருந்து நிர்வாகம்) முன்கூட்டிப் பார்த்து அனுமதிப்பதில்லை. வெளியாகும் நேரத்தில் கம்பெனி 2253 என்ற படிவத்தோடு ஒரு பிரதி அனுப்பும், அவ்வளவுதான். தவறு கண்டுபிடித்துக் கடிதம் போவதற்குள் விளம்பரம் பல வீடுகளுக்குள் வந்து போயிருக்கும்.

டிவியில் இது பெருகியது 1997-க்குப் பிறகு. முழு விவரத்தையும் விளம்பரத்திலேயே சொல்லத் தேவையில்லை, முக்கிய அபாயங்களைச் சொல்லிவிட்டு இலவச போன் எண், இணையதளம், பத்திரிகை விளம்பரம், டாக்டர் என்று வழிகாட்டினால் போதும் என்று எஃப்டிஏ அந்த வருடம் தளர்த்தியது. 2024 நவம்பர் 20 முதல் அபாயங்களைக் குரலிலும் எழுத்திலும் ஒரே நேரத்தில், எளிய சொற்களில், கவனத்தைச் சிதறடிக்காமல் சொல்ல வேண்டும் என்ற விதி கட்டாயமாகியிருக்கிறது.

என்ன கெடுதல் நடக்கும் என்பதற்கு வயாக்ஸ் போதும். மூட்டு வலிக்கு 1999-இல் வந்த மருந்து. 2000-இல் விளம்பரத்துக்கு மட்டும் சுமார் 16 கோடி டாலர் செலவிட்டார்கள். 18 மாதத்துக்கு மேல் சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாத ஆபத்து கூடுவது ஆய்வில் தெரிந்ததும் 2004 செப்டம்பர் 30 அன்று திரும்பப் பெற்றார்கள். பழைய வலி மாத்திரையே போதுமாக இருந்த எத்தனையோ பேர் அதற்குள் இதற்கு மாறியிருந்தார்கள். புதிய மருந்தின் அரிய அபாயம் வெளியே தெரிய வருடங்கள் ஆகும். விளம்பரமோ அந்த முதல் வருடங்களில்தான் உச்சத்தில் இருக்கும். எனக்கு இதில் பெரிய ஆட்சேபம் இதுதான். அமெரிக்க மருத்துவச் சங்கமே 2015-இல் தடை கோரியது. டாக்டர் சீட்டு மருந்தை இப்படிப் பெயரும் பலனும் சொல்லி மக்களிடம் விளம்பரம் செய்ய விடும் வளர்ந்த நாடுகள் அமெரிக்காவும் நியூசிலாந்தும் மட்டும்தான்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. விளம்பரத்தின் முடிவில் தள்ளுபடி அட்டை தருவதாகச் சொல்கிறார்களே, அது பெற்றோருக்குப் பயன்படுமா?

பதில் 2 (மருந்தாளுநர்):
மெடிகேரில் (முதியோருக்கான அரசுக் காப்பீட்டில்) இருந்தால் அதன் மருந்துக் காப்பீட்டோடு சேர்த்துப் பயன்படுத்த முடியாது. அரசுக் காப்பீடு பணம் கட்டும் மருந்தை வாங்கவைக்கக் கம்பெனி தரும் சலுகை என்று லஞ்சத் தடுப்புச் சட்டம் அதைத் தடுக்கிறது. தனியார் காப்பீடு என்றால் செல்லும், ஆனால் அட்டைக்கு வருட உச்சவரம்பு உண்டு. சில காப்பீடுகள் அட்டை கட்டிய தொகையை உங்கள் டிடக்டிபிளில் (காப்பீடு கொடுக்க ஆரம்பிக்குமுன் நீங்கள் கட்ட வேண்டிய தொகையில்) சேர்ப்பதில்லை. அப்போது வருடத்தின் நடுவில் அட்டை தீர்ந்ததும் முழு விலையும் உங்கள் தலையில் விழும். மருந்து வாங்குமுன் கவுண்டரில் இதைக் கேளுங்கள்: காப்பீட்டின் எந்த டியரில் (விலைப் படியில்) இருக்கிறது, காப்பீட்டின் முன் அனுமதி வேண்டுமா, இதே வகையில் ஜெனரிக் இருக்கிறதா. முன் அனுமதி தேவைப்பட்டால் சில நாள் இழுக்கும், அதுவரை பழைய மருந்தைத் தொடரலாமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.