20 ஆயிரத்துக்குள்ள ஏடபிள்யூடி வேணுமா, விண்டர் டயர் போதுமா? (பேரி – நியூமார்க்கெட், விடிய ஷிப்ட்)

விடியஷிப்ட்_பேரி
எல்லாருக்கும் வணக்கம். கனடாவிலை, ஒன்ராறியோவிலை இருக்கிறம். ஸ்காபரோவிலை இருந்து பேரிக்கு வீடு மாறி வந்திட்டம், இது இஞ்ச முதல் விண்டர். வேலை நியூமார்க்கெட்டிலை, ஆறு மணி ஷிப்ட், அதாலை விடிய நாலரைக்கு வெளிக்கிடோணும், ஹைவே 400ஆலை போக வர நூறு கிலோமீட்டருக்கு மேலை. லாப் வேலை, வீட்டிலை இருந்து செய்யேலாது, ஸ்நோ கொட்டினாலும் போய்த்தான் ஆகோணும். கார் வாங்கக் கையிலை இருக்கிறது வரியோடை 20 ஆயிரம் டொலர். பக்கத்து வீட்டுக்காரர் ஏடபிள்யூடி (நாலு சில்லுக்கும் எஞ்சின் பவர் போற வண்டி) இல்லாமல் இஞ்ச ஒண்டும் சரிவராது எண்டுறார், என்ரை மனுசன் எண்டால் கொரோலாவை வாங்கி நல்ல விண்டர் ரயர் போடு, காணும் எண்டுறார். எங்கடை றோட்டிலை பனி தள்ளுற பிளவ் வர ஆறு ஏழு மணியாகும். தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ, சண்டை பிடிக்காமல்.

கஞ்சப்பிரபு
உங்க வீட்டுக்காரர் சொல்றதுதான் சரி சிஸ்டர். 13% வரி போனா உங்க கைல இருக்குறது 17,700 தான், அதுக்கு கொரோலா எடுத்தா வருஷம் புதுசா கிடைக்கும் கிலோமீட்டர் கம்மியா கிடைக்கும், மிச்சத்துல ரிம்மோட நாலு விண்டர் டயர் ஆயிரம் ஆயிரத்து இருநூறுக்கு வாங்கிடலாம். ஏடபிள்யூடின்னு போனா அதே காசுக்கு ரெண்டு மூணு வருஷம் பழசு, பெட்ரோல் கூட குடிக்கும், பின்னாடி டிஃபரென்ஷியல் ஆயில் தனி செலவு. அதைவிட முக்கியம், ஏடபிள்யூடி வண்டியை கிளப்பத்தான் உதவும், நிறுத்த உதவாது. பிரேக் எல்லா வண்டிக்கும் நாலு வீல்லயும் தான் இருக்கு. 400ல பள்ளத்துல கெடக்குற வண்டிங்கள ஒரு ஸ்நோ நாள்ல பாருங்க, பாதிக்கு மேல எஸ்யூவி.

நாலுசில்லு
ஆரம்பிச்சிட்டார். மிசிசாகாவிலை இருந்து கொண்டு பேரி விண்டர் பற்றி வகுப்பு எடுக்கிறதெண்டால் எப்பிடி கஞ்சர்? நான் ஒரிலியாவிலை இருக்கிறன். ஜோர்ஜியன் பே ஏரிப் பக்கம் இருந்து திடீரெண்டு வாற லேக் எஃபெக்ட் ஸ்நோ எண்டால் என்னெண்டு உங்களுக்கு விளங்காது. தெற்கை வோனிலை வெயில் எறிச்சுக் கொண்டிருக்கும், இன்னிஸ்ஃபில் தாண்ட முன்னுக்குப் போற லொறியின்ரை லைட்டும் தெரியாது. அக்கா, கண்ணை மூடிக் கொண்டு சுபாரு கிராஸ்ட்ரெக் எடுங்கோ. எப்பவும் நாலு சில்லுக்கும் பவர் போகும், மற்றவங்கடை மாதிரி முன் சில்லு வழுக்கினாப்பிறகு பின்னுக்கு அனுப்பிற கதை இல்லை. லேன் மாறேக்கை நடுவிலை இருக்கிற அந்த சேற்றுப்பனி வரம்பிலை சில்லு ஏற, முன்வீல் கார் ஒருக்கா இழுத்துப் போட்டுத்தான் விடும், அந்த நேரம் தெரியும் வித்தியாசம்.

கஞ்சப்பிரபு
லைட் தெரியாதப்ப சுபாருவுக்கு மட்டும் தெரியுமா ப்ரோ 😂 அந்த நேரத்துல பண்ண வேண்டியது ஸ்பீடை குறைக்கறது, நாலு வீல்லயும் பவர் இருக்குற தைரியத்துல 110ல போறவன்தான் முன்னாடி நிக்கிற லாரி மேல போய் சொருகறான். வண்டி இழுத்துப் போடறதுக்கு ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் இருக்கு, கனடாவுல 2011 செப்டம்பருக்கு அப்புறம் வந்த எல்லா கார்லயும் கட்டாயம், கொரோலாலயும் இருக்கு. அப்புறம் சுபாருன்னாலே எஞ்சின்ல ஹெட் கேஸ்கட்ங்கற சீல் போயிடும்னு ஊருக்கே தெரியும்.

நாலுசில்லு
அது பழைய 2.5 எஞ்சின். இம்ப்ரேசாவிலை 2012இலை இருந்து வேறை எஞ்சின். பழங்கதையைத் தூக்கிக் கொண்டு வராதேங்கோ.

மொன்றியல்_மருமகன்
இஞ்ச கியூபெக்கிலை இந்த விவாதமே இல்லை. டிசம்பர் 1இலை இருந்து மார்ச் 15 வரை விண்டர் ரயர் சட்டப்படி கட்டாயம், ஏடபிள்யூடி எண்டு சொல்லித் தப்பேலாது. ஒன்ராறியோவிலை கட்டாயம் இல்லாததாலைதான் சனம் எது வேணும் எண்டு கேட்டுக் கொண்டிருக்குது. ரயர் போட்டால் இன்சூரன்ஸ் குறைக்கோணும் எண்டு 2016இலை இருந்து அங்கை விதி இருக்கு, அதையாவது கேட்டு வாங்குங்கோ, தானாக் குறைக்க மாட்டாங்கள்.

விடியஷிப்ட்_பேரி
ஓ, அது தெரியாது, நன்றி. ஏடபிள்யூடி எடுத்தாலும் ரயர் தனியா வாங்கத்தான் வேணுமோ? அப்ப 20 ஆயிரத்துக்குள்ளை எப்பிடி அடங்கும்?

கஞ்சப்பிரபு
அதைத்தானே சொல்றேன் 🙏

கராஜ்_அண்ணை
கொஞ்சம் பொறுங்கோ. ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறியள், பிள்ளை எழுதினதை ஒருத்தரும் வடிவா வாசிக்கேல்லை. அவவுக்குப் பிரச்சினை ஹைவேயிலை தொடங்கேல்லை, வீட்டு வாசல்லை தொடங்குது. நாலரைக்கு வெளிக்கிடுறா, பிளவ் வாறது ஆறு மணிக்கு, இரவு இருபது சென்ரிமீற்றர் கொட்டினால் றோட்டிலை அப்பிடியே கிடக்கும். சில நாள் பிளவ் நடுச்சாமத்திலை ஒருக்கா வந்து டிரைவ்வே வாசல்லை முழங்கால் உயரத்துக்குத் தள்ளிப் போட்டுப் போயிருக்கும், அது புதுப்பனி இல்லை, உப்பும் சேறும் சேர்ந்து இறுகின கட்டி. இதிலை முதல் பார்க்கிறது வண்டியின்ரை அடி எவ்வளவு உயரம் எண்டுதான். கிராஸ்ட்ரெக் 220 மில்லிமீற்றர். அதே சுபாருவின்ரை இம்ப்ரேசா, அதே ஏடபிள்யூடி, உயரம் 130 தான். கொரோலாவும் கிட்டத்தட்ட அதே அளவு. பனி வண்டியின்ரை வயித்திலை முட்டித் தூக்கிச்செண்டால் சில்லு நிலத்திலை முட்டாது, பிறகு நாலு சில்லுக்கும் பவர் போனாலும் நாலும் சும்மா சுத்தும்.

அதாலை என்ரை கணக்கு: முதல் ரயர், பிறகு உயரம், மூண்டாவதுதான் ஏடபிள்யூடி. ஏழு டிகிரிக்குக் கீழை போக ஓல்சீசன் ரயரின்ரை ரப்பர் இறுகத் தொடங்கும், மைனஸ் பதினைஞ்சிலை நகத்தாலை அழுத்திப் பாருங்கோ, பிளாஸ்ரிக் மாதிரி இருக்கும். மலையும் ஸ்நோ பூவும் போட்ட அடையாளம் பக்கச் சுவரிலை இருக்கிற ரயராப் பார்த்து வாங்குங்கோ, வெறும் எம் பிளஸ் எஸ் (சேறு, ஸ்நோ) எண்டு போட்டிருக்கிறதை விண்டர் ரயர் எண்டு விக்கிறவையும் இருக்கினம்.

கஞ்சப்பிரபு
அண்ணா உயரம் பாயிண்ட் ஓகே, ஒத்துக்கறேன். ஆனா வருஷத்துக்கு அப்படி எத்தனை நாள் வரும்? அந்த நாலஞ்சு நாளுக்காக வருஷம் முழுக்க பெட்ரோல் கூட கொடுக்கணுமா, அரை மணி முன்னாடி எழுந்து வாசலை மட்டும் தள்ளிட்டுப் போயிடலாமே.

நாலுசில்லு
நாலு மணிக்கு எழும்பிறவவை மூண்டரைக்கு எழும்பி சவலைத் தூக்கச் சொல்லுறார். நீங்கள் வந்து தள்ளிக் குடுங்கோவன் பேரிக்கு.

விடியஷிப்ட்_பேரி
😄 எழும்பிறது பிரச்சினை இல்லை, போன வருசம் இடுப்பு பிடிச்சு ரெண்டு கிழமை வேலைக்குப் போகேல்லை. அதாலை சவல் கணக்கிலை சேர்க்கேல்லை. ஒரு ஆள் பிரியஸ் ஏடபிள்யூடி இருக்கு, பெற்றோலும் மிச்சம் எண்டு சொன்னவர், அது எப்பிடி?

கராஜ்_அண்ணை
2019இலை வந்தது. 2022 மொடல் வரை பின்னுக்கு ஒரு சின்ன மோட்டர், ஏழு குதிரைவலு, 70 கிலோமீற்றர் வேகம் வரை தான் வேலை செய்யும். வழுக்கிற சந்தியிலை வெளிக்கிட உதவும். ஆனால் வண்டி தாழ்ப்பம், உங்கடை வாசலுக்குச் சரிவராது.

கால்கரி_கார்த்தி
சிஆர்வி ராவ்4 ரெண்டையும் யாரும் சொல்லலையே? அடி உயரம், இடம், ரீசேல் எல்லாம் இருக்கு.

கஞ்சப்பிரபு
சொல்லல, ஏன்னா அந்த ரெண்டும் இந்தப் பக்கம் திருடனுக்கு ரொம்பப் பிடிச்ச வண்டி தல. ராத்திரி டிரைவ்வேல நின்னது காலைல இருக்காது. இன்சூரன்ஸும் அதுக்கு ஏத்த மாதிரி கேப்பான்.

கராஜ்_அண்ணை
விலையும் கூட. 2017, 18 சிஆர்வியின்ரை 1.5 ரேர்போ எஞ்சினிலை குளிருக்கை ஒயிலோடை பெற்றோல் கலக்கிற பிரச்சினை இருந்தது, அது சூடேற முன்னம் நிப்பாட்டிற குட்டி ஓட்டத்துக்குத்தான் கூட, உங்கடை தூரத்துக்கு அவ்வளவு பயமில்லை. ராவ்4 ஹைபிரிட் எண்டால் 2019ஐ ஒட்டின வருசங்களிலை பின் மோட்டருக்குப் போற கேபிள் உப்பிலை அரிச்சது, பிறகு வாரண்டி நீட்டிக் குடுத்தவை. உங்கடை காசுக்கு அது எட்டாது, விடுங்கோ. மாஸ்டா சிஎக்ஸ்-5 ஏடபிள்யூடி ஒருக்கா ஓடிப் பாருங்கோ. கிராஸ்ட்ரெக் 2 லீற்றர் எஞ்சின் ஹைவேயிலை லொறியை ஓவர்ரேக் பண்ண மூச்சு வாங்கும், நாலுசில்லு அதைச் சொல்ல மாட்டார்.

நாலுசில்லு
ஸ்நோவுக்கை ஆர் ஓவர்ரேக் பண்ணச் சொன்னது?

கஞ்சப்பிரபு
ஜூலைல? 🙂

விடியஷிப்ட்_பேரி
சரி, இவரோடையும் கதைச்சன். அடி உயரக் கதையைச் சொன்னாப்பிறகு அவரும் கொரோலாவை விட்டிட்டார். ஒரிலியாப் பக்கம் ஒரு 2018 கிராஸ்ட்ரெக், பிரைவேற் சேல், ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்குக் கொஞ்சம் மேலை ஓடியிருக்கு, கேக்கிற விலை 17,500. படத்திலை பார்த்தால் முன் வலப்பக்க ரயர் மட்டும் வேறை கொம்பனி மாதிரி இருக்கு. விக்கிறவர் பஞ்சர் ஆனதாலை ஒண்டை மட்டும் மாத்தினது, ஒரு பிரச்சினையும் இல்லாமல் ஓடுது எண்டுறார்.

கராஜ்_அண்ணை
அங்கைதான் கவனம். நாலு சில்லும் எப்பவும் சேர்ந்து ஓடுற வண்டியிலை ஒரு ரயர் மட்டும் புதுசெண்டால் அது மற்றதை விடப் பெரிசு, ஒரே தூரத்துக்குக் குறைவாச் சுத்தும், அந்த வித்தியாசத்தை கியர்பொக்ஸுக்கை இருக்கிற கிளச் இரவு பகலாத் தாங்கோணும். சுற்றளவிலை கால் இஞ்சுக்கு மேலை வித்தியாசம் இருக்கக் கூடாது எண்டு கொம்பனியே சொல்லுது. போகேக்கை ரயர் ஆழம் அளக்கிற கேஜ் ஒண்டு கொண்டு போங்கோ, அஞ்சு டொலர் தான். நாலையும் அளந்து எழுதுங்கோ. பிறகு வண்டியை நல்லா ஓடிச் சூடாக்கிப் போட்டு ஒரு வெறும் பார்க்கிங் லொட்டிலை ஸ்டியரிங்கை முழுக்க வெட்டி மெதுவா வட்டம் அடியுங்கோ. பிரேக் பிடிச்ச மாதிரி விக்கி விக்கி வந்துதெண்டால் அந்தக் கிளச் போகுது, அப்பிடியே திறப்பைக் குடுத்திட்டு வாங்கோ.

கீழை படுத்து டோர்ச் அடிச்சு பின் சப்ஃபிரேமையும் (பின் சில்லுப் பக்கத்தைத் தாங்கிற இரும்புச் சட்டம்) பிரேக் லைனையும் பாருங்கோ, மேல்துருவெண்டால் பரவாயில்லை, செதில் செதிலா உரியிற துரு எண்டால் வேண்டாம். துருப்பிடிக்காமல் வருசா வருசம் ஒயில் ஸ்ப்ரே அடிச்ச பில் இருக்கோ எண்டு கேளுங்கோ.

கஞ்சப்பிரபு
பிரைவேட் சேல்ன்னா யூஸ்டு வெஹிக்கிள் இன்ஃபர்மேஷன் பேக்கேஜ் அவர் கொடுத்தே ஆகணும், அதுல லீன் (வண்டி மேல கடன் பாக்கி) இருக்கான்னு பாத்துடுங்க, கார்ஃபேக்ஸ் (வண்டியோட விபத்து ஹிஸ்டரி ரிப்போர்ட்) தனியா எடுங்க. அந்த ஒத்த டயரைக் காட்டி விலையைக் குறைங்க. எப்படியும் நாலு விண்டர் டயர் வாங்கணும், சம்மருக்கும் அந்த செட்டை மாத்தணும்னு சொல்லி 16ல ஆரம்பிங்க. 16,500க்கு மேல போனா வரியும் டயரும் சேர்ந்து 20ஐ தாண்டிடும்.

நாலுசில்லு
கடைசியிலை கஞ்சரே சுபாருவுக்குப் பேரம் பேசுறார் 😂 அக்கா, நான் ஒரிலியாதான், சனிக்கிழமை எண்டால் வண்டி பார்க்க நானும் வரலாம், கேஜ் என்னட்டை இருக்கு.

கஞ்சப்பிரபு
பேரம் சுபாருவுக்கு இல்ல, அவங்க இடுப்புக்கு. கூட போங்க ப்ரோ, ஆனா வண்டியைப் பாத்ததும் ஆஹா ஓஹோன்னு ஆரம்பிச்சிடாதீங்க, அந்தாளு விலையை ஏத்திடுவான். அப்புறம் டயர் கடைல இப்பவே அப்பாயின்ட்மென்ட் போட்டு வைங்க, முதல் ஸ்நோ விழுந்த அன்னைக்கு போன் பண்ணா மூணு வாரம் கழிச்சு வான்னு சொல்வான்.

விடியஷிப்ட்_பேரி
சனிக்கிழமை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார். இவரும் வாறார். அளந்து போட்டு நாலு நம்பரையும் இஞ்ச போடுறன், கராஜ் அண்ணை ஒருக்கா பாருங்கோ.