டிரான்ஸ்போர்ட்டேஷன் தண்டனைக்குத் தமிழில் என்ன?

க.:
வணக்கம். ஆஸ்திரேலிய வரலாற்றுப் பாடம் வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. 1788 முதல் 1868 வரை பிரிட்டன் ஏறத்தாழ 1,62,000 கைதிகளைக் கப்பலேற்றி அனுப்பிய தண்டனைக்கு ‘நாடுகடத்தல்’ என்று போட்டிருந்தேன். சரிபார்த்தவர் அடித்துவிட்டார். டிபோர்ட்டேஷனுக்கும் அதே சொல் வருகிறதாம். மாற்றுச்சொல் தேவை.

செ.:
அடித்தது சரியே. நாடுகடத்தினால் எல்லைக்கு வெளியே விடுவதோடு சரி, அப்புறம் அவன் பாடு. இங்கே ஏழாண்டு, பதினான்காண்டு, ஆயுள் என்று தவணை உண்டு. போன இடத்தில் குடியேறிகளிடம் வேலைக்கு ஒப்படைப்பார்கள். தவணை முடியுமுன் பிரிட்டன் திரும்பினால் 1834 வரை தூக்குத்தான். சொல்லில் கடலும் வேண்டும், தண்டனையும் வேண்டும்: கடல்கடத்தல் தண்டனை.

ந.:
> கடல்கடத்தல்

மாணவன் தங்க பிஸ்கட் என்று நினைப்பான், அம்மா. பழைய வழக்கில் ‘தீவாந்தர சிட்சை’ இருக்கிறதே! அந்தமானுக்கு அனுப்பியதையும் அப்படித்தானே சொன்னோம்.

இரா.:
தீவாந்தரமும் சிட்சையும் வடசொல். ‘ஒறுத்தார்க்கு ஒருநாளை இன்பம்’ என்ற குறள் மறந்துபோயிற்றா? முந்நீர் ஒறுப்பு என்க; முந்நீர் கடல், ஒறுப்பு தண்டனை. கட என்ற வேரிலிருந்தே கடல், கடத்து, கடவு, கடன் எல்லாம். கடன்பட்டவனைக் கடல்கடத்தியதும் பொருந்துகிறது.

செ.:
கடனாளிகளை அனுப்பவில்லை ஐயா, அவர்களுக்கு லண்டனிலேயே தனிச் சிறை இருந்தது. கப்பலேறியவர்களில் பெரும்பாலோர் திருட்டு வழக்குக்காரர்கள். அதுவும் போக, ‘முந்நீர் வழக்கம் மகடூஉவொடு இல்லை’, அதாவது பெண்ணோடு கடற்பயணம் இல்லை என்கிறது தொல்காப்பியம். 1787 மே 13 அன்று போர்ட்ஸ்மத்திலிருந்து கிளம்பிய பதினொரு கப்பல்களில் பெண் கைதிகள் மட்டும் 190 பேர் அளவில் இருந்தார்கள்!

இரா.:
அங்கே முந்நீர் கடலே அல்ல. ஓதல், தூது, பொருள் ஆகிய மூன்றன் தன்மை என்பார் உரையாசிரியர் நச்சினார்க்கினியர். இளம்பூரணர் உரையோடு ஒப்பிட்டு நாளை விரிவாக எழுதுகிறேன்.

க.:
நாளை வேண்டாம் ஐயா, வெள்ளி நெருங்குகிறது. இன்னொரு சிக்கல். 1790இல் வந்த இரண்டாம் கப்பலணியில் ஒப்பந்தக்காரருக்குத் தலைக்கு 17 பவுண்டு 7 ஷில்லிங் 6 பென்ஸ். ஏற்றிய தலைக்குத்தான் கணக்கு, உயிரோடு இறக்கிய தலைக்கு அல்ல. சோற்றைக் குறைத்தால் லாபம். நான்கில் ஒருவர் வழியிலேயே செத்தார். இந்த இடத்தில் ஆங்கில மூலத்தின் ‘டிரான்ஸ்போர்ட்டேஷன்’ சரக்குப் போக்குவரத்தைச் சொல்கிறதா, தண்டனையையா?

ந.:
சரக்குப் போக்குவரத்தைத்தான். அங்கே ‘கைதிகளைக் கப்பலேற்றிச் செல்லுதல்’ என்று விரித்தே எழுதுங்கள். ஒரே சொல்லை இரண்டு இடத்திலும் திணித்தால் அந்தக் கணக்கே மாணவனுக்குப் புரியாது. பின்னாளில் தொகையில் ஒரு பகுதியை இறங்கியவர் எண்ணிக்கையோடு கட்டியதும், 1815 முதல் கப்பலுக்கொரு மருத்துவக் கண்காணிப்பாளரைப் போட்டதும் இந்த ஓட்டையை அடைக்கத்தான்.

க.:
டிக்கெட் ஆஃப் லீவ்? ‘விடுப்புச் சீட்டு’ என்றால் லீவ் லெட்டர் ஆகிவிடுகிறது.

செ.:
அதை வைத்திருக்கும் கைதி தாமே கூலிவேலை தேடிக்கொள்ளலாம், ஆனால் குறித்த மாவட்டத்தைத் தாண்டக்கூடாது. விடுதலை ஆகவில்லை, பிடி தளர்ந்திருக்கிறது. ‘தளர்வுச் சீட்டு’ போடலாம்.

க.:
நன்றி. ‘தீவாந்தரத் தண்டனை’ என்றே போடுகிறேன். செ. அம்மாவும் தலையாட்டிவிட்டார்.

இரா.:
ஆஸ்திரேலியா கண்டம். தீவு எங்கே வந்தது?

ந.:
1853 வரை கைதிகளை வாங்கிய டாஸ்மேனியா தீவுதானே, ஐயா.

இரா.:
1850 முதல் 1868 வரை மேற்கு ஆஸ்திரேலியாவில் இறங்கியவர்களுக்கு? என் மறுப்பைப் பதிவு செய்க.