மொட்டை மாடிக்குக் கீழுள்ள அறைக்கு எந்தக் கணினிக் கேபினெட்: கண்ணாடி முகப்பா, வலை முகப்பா?

மாடியறை (வேலூர்) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். பதினொரு ஆண்டுகள் உழைத்த கணினி ஓய்ந்துவிட்டதால், பாகங்களைத் தனித்தனியாக வாங்கி நானே புதிதாக ஒன்றைப் பூட்டிக்கொண்டிருக்கிறேன். ரைசன் 5 7600 செயலி, பி650 வகை மைக்ரோ ஏடிஎக்ஸ் மதர்போர்டு, இரண்டு விசிறி கொண்ட ஆர்டிஎக்ஸ் 4060 கிராஃபிக்ஸ் கார்டு, பாகங்களுக்கு மின்சாரம் தரும் 550 வாட் எஸ்எம்பிஎஸ் ஆகியவை வந்துவிட்டன. இவற்றையெல்லாம் உள்ளே பொருத்தும் பெட்டியான கேபினெட் மட்டும் பாக்கி. பழைய கணினியிலிருந்து இரண்டு 3.5 அங்குல ஹார்டு டிஸ்க்குகளையும் எடுத்துப் பொருத்த வேண்டும். என் மகள் காணொளி தொகுப்பதற்கும் பிளெண்டர் என்ற முப்பரிமாண வரைகலை மென்பொருளில் பயிற்சி செய்வதற்கும் இதைப் பயன்படுத்துவாள்.

கணினி இருக்கப்போவது மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள, ஏசி இல்லாத அறை. கத்திரி வெயிலில் அந்த அறை எப்படி இருக்கும் என்பதை வேலூர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சாலையோர வீடு என்பதால் புழுதியும் உண்டு. கடைக்காரர் முன்பக்கமும் பக்கவாட்டும் கண்ணாடியாக, வண்ண விளக்கு எரியும் ஏழு விசிறிகளோடு வரும் ஒரு கேபினெட்டைப் பரிந்துரைக்கிறார். ஏறத்தாழ அதே விலைக்கு, முன்பக்கம் இரும்பு வலையும் மூன்று விசிறிகளும் கொண்ட மற்றொன்றும் அவரிடம் இருக்கிறது. வலை வைத்தால் புழுதி உள்ளே போகாதா என்பது என் தயக்கம். பழைய கேபினெட்டையே வைத்துக்கொள்ளலாமா என்றும் ஒரு யோசனை ஓடுகிறது. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டக் கோருகிறேன்.

திருப்புளி (கோயம்புத்தூர்) எழுதியது:

வணக்கம் ஐயா. பதினெட்டு ஆண்டுகளாகக் கணினி பூட்டித் தருவதே என் பிழைப்பு என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

விசிறிகளின் எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். காற்று எந்த வழியாக உள்ளே வருகிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும். முன்கண்ணாடிக்குப் பின்னால் மூன்று விசிறிகள் சுழன்றாலும், கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவே சுண்டுவிரல்கூட நுழையாத சந்து வழியாகத்தான் அவை காற்றை இழுத்தாக வேண்டும். உங்கள் கார்டு முழு வேலையில் 115 வாட் வரை எடுக்கும்; செயலி 65 வாட் வகை என்று அட்டையில் போட்டிருந்தாலும் 88 வாட் வரை போகும். ஆக, பழைய 100 வாட் குண்டு பல்புகள் இரண்டைப் பெட்டிக்குள் மணிக்கணக்கில் எரிய விடுவதற்குச் சமமான சூடு அது. அறையே 38 பாகையில் இருக்கும்போது பெட்டிக்குள் அதற்குக் கீழே இறங்க வழியில்லை. உள்ளே தேங்கும் சூட்டை எவ்வளவு விரைவாக வெளியே தள்ளுகிறோம் என்பது மட்டுமே நம் கையில் இருக்கிறது.

சென்ற ஆண்டு இதே போன்ற கண்ணாடி முகப்புப் பெட்டி ஒன்று, வேலை நடுவில் வேகம் குறைகிறது என்ற புகாரோடு என்னிடம் வந்தது. செயலி 93 பாகையில் நின்றது. வேறெதையும் தொடாமல் முன்கண்ணாடியை மட்டும் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்தேன். பத்து நிமிடத்தில் 81க்கு இறங்கிவிட்டது. கேபினெட்டைச் சோதிக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது.

ஏழு விசிறிகள் என்கிறீர்களே, அவற்றின் வயர் எதில் முடிகிறது என்று கடையிலேயே திறந்து பாருங்கள். பெரிய நான்கு முனை மோலக்ஸ் இணைப்பில் முடிந்தால் அவை எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து நேராக மின்சாரம் எடுத்து எப்போதும் ஒரே வேகத்தில் இரையும். மதர்போர்டால் அவற்றை அடக்க முடியாது. மதர்போர்டில் செருகும் சிறிய மூன்று முனை அல்லது நான்கு முனை இணைப்பாக இருந்தால் சூட்டுக்கேற்ப வேகம் கூடும், குறையும். சரியாகப் பொருத்திய 120 மில்லிமீட்டர் விசிறிகள், முன்னால் இரண்டும் பின்னால் ஒன்றும், உங்கள் பாகங்களுக்குத் தாராளம். விசிறியின் பின்புறம் குறுக்குச் சட்டங்கள் தெரியும் பக்கமாகத்தான் காற்று வெளியேறும் என்பதைப் பூட்டும்போது நினைவில் வையுங்கள். அதைத் தலைகீழாக மாட்டிவிட்டு வருபவர்கள் மாதம் ஒருவராவது இருக்கிறார்கள்.

புழுதி பற்றிய அச்சம் நியாயமானதே. ஆனால் காற்று புகும் இடமெல்லாம் புழுதியும் புகும். கண்ணாடிப் பெட்டியும் அதற்கு விலக்கல்ல. உள்ளே தள்ளும் விசிறிகள் வெளியே தள்ளுவதைவிட மிகுதியாக இருந்தால், காற்று பெரும்பாலும் முன்வலையின் வடிகட்டி வழியாகவே வரும். மற்றச் சந்துகள் வழியாக வெளியேறத்தான் செய்யும். ஆகவே வடிகட்டி எளிதில் கழன்று வருகிறதா என்று பார்த்து வாங்கி, மாதம் ஒருமுறை குழாயடியில் கழுவி, நன்றாகக் காய்ந்தபின் மாட்டுங்கள்.

பழையபெட்டி (மதுரை) எழுதியது:

மேலே சொன்னவற்றோடு எனக்கு முரண்பாடு இல்லை. ஆனால் பழைய கேபினெட்டைப் பற்றி அவர் ஒரு சொல்கூடச் சொல்லவில்லையே என்பதால் எழுதுகிறேன். மதர்போர்டு, கேபினெட், எஸ்எம்பிஎஸ் ஆகியவை ஒன்றோடொன்று பொருந்துவதற்கான ஏடிஎக்ஸ் என்ற அளவுமுறையை இன்டெல் 1995இல் வெளியிட்டது. திருகுத் துளைகளின் இடமும், பின்பக்கச் செவ்வகத் திறப்பின் அளவும், எஸ்எம்பிஎஸ்ஸின் 150க்கு 86 மில்லிமீட்டர் முகப்பும் இன்றுவரை அப்படியே தொடர்கின்றன. 244 மில்லிமீட்டர் சதுரமான உங்கள் மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டு பழைய ஏடிஎக்ஸ் பெட்டியில் தடையின்றி உட்காரும். முன்பக்க யுஎஸ்பி மட்டும் பழைய 2.0 வேகத்திலேயே இருக்கக்கூடும்.

சிக்கல் கார்டின் நீளத்தில்தான் வரும். நான் இதே யோசனையில் இறங்கியபோது, 240 மில்லிமீட்டர் கார்டின் மூக்கு ஹார்டு டிஸ்க் கூண்டில் இடித்து நின்றது. கூண்டைத் தாங்கிய ரிவெட்டுகளைத் துளைத்து எடுத்த பிறகே கார்டு உள்ளே போனது. உங்களுக்கோ அந்தக் கூண்டும் தேவை. எனவே பின்பக்கத் தகட்டிலிருந்து கூண்டுவரை அளந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள். பழைய போர்டைக் கழற்றியபின் அடியில் நிற்கும் பித்தளைத் தாங்கிகளையும் கவனியுங்கள். புதிய போர்டில் துளை இல்லாத இடத்தில் ஒன்று நின்றாலும் அது போர்டின் அடிப்பகுதியைத் தொட்டு ஷார்ட் ஆக்கிவிடக்கூடும்.

உப்புக்காற்று (தூத்துக்குடி) எழுதியது:

கண்ணாடி பற்றி ஒரு எச்சரிக்கை. பக்கக் கண்ணாடியைக் கழற்றி டைல்ஸ் தரையில் நிறுத்தி வைக்காதீர்கள். நான் மெதுவாகத்தான் வைத்தேன். மூலை தரையில் பட்ட அடுத்த நொடி முழுக் கண்ணாடியும் அரிசியாகக் கொட்டியது. கட்டில் மெத்தைமேல் படுக்க வைப்பதே பாதுகாப்பு.

மற்றொன்று, விலை குறைந்த பெட்டிகளில் பின்பக்கக் கார்டு திறப்புகளை மூடும் தகடுகள் ஒடித்து எடுக்கும் வகையாக இருக்கும். ஒருமுறை ஒடித்தால் திரும்ப மூட முடியாது. அந்தத் துளை வழியாகத்தான் எங்கள் வீட்டுப் பல்லி உள்ளே குடிபுகுந்து, கடைசியில் எஸ்எம்பிஎஸ்ஸோடு சேர்ந்தே போனது. திருகு போட்டுக் கழற்றி மாட்டும் தகடாகப் பார்த்து வாங்குங்கள்.

மாடியறை எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. பழைய பெட்டியை அளந்துவிட்டேன். கூண்டுவரை 228 மில்லிமீட்டர்தான் இருக்கிறது, கார்டோ 240. ஆகவே அது கழிந்தது. ஆனால் அளக்கும்போது பின்பக்கத் திருகு கையில் பட்டதும் விர்ரென்று ஒரு அதிர்ச்சி. டெஸ்டர் வைத்தால் மங்கலாக எரிகிறது. புதிய பெட்டியிலும் இப்படி வருமா?

திருப்புளி எழுதியது:

வரும் ஐயா, அது கேபினெட்டின் குற்றமன்று. எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே, மின்னிரைச்சலை வடிகட்டுவதற்காக இரண்டு மின் கம்பிகளிலிருந்தும் உலோகக் கூட்டுக்குச் சிறு கெப்பாசிட்டர்கள் இணைக்கப்பட்டிருக்கும். எர்த் சரியாக இருந்தால் அந்த மெல்லிய கசிவு நிலத்துக்குப் போய்விடும். இல்லையென்றால் கூடு முழுவதும் 230 வோல்ட்டில் ஏறத்தாழப் பாதியில் மிதக்கும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் சுருக்கென்று குத்துவதோடு நிற்கிறது. பெயிண்ட் பூசிய இடத்தில் தெரியாது, திருகைத் தொட்டால்தான் தெரியும். ஆனால் எஸ்எம்பிஎஸ் என்றாவது உள்ளே பழுதானால், எர்த் இல்லாத அதே கூடு ஆபத்தாகிவிடும். மூன்று முனை பிளக்கை இரண்டு முனை மாற்றியில் செருகியிருந்தால் அதை முதலில் எடுத்துவிடுங்கள். அப்படி இல்லையென்றால், புதிய கணினிக்கு மின்சாரம் கொடுப்பதற்கு முன்பே எலக்ட்ரீஷியனை அழைத்து அந்த சாக்கெட்டின் எர்த்தைச் சோதியுங்கள்.

மாடியறை எழுதியது:

வலை முகப்புப் பெட்டியையே வாங்கிவிட்டேன். விசிறிகள் மூன்றும் மதர்போர்டில் செருகும் வகை. ஹார்டு டிஸ்க் இரண்டும் அடியில் எஸ்எம்பிஎஸ்ஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டன. கார்டு தகடு மட்டும் ஒடித்து எடுக்கும் வகையாக அமைந்துவிட்டது, எனவே தேவையான இரண்டை மட்டுமே ஒடித்தேன். நேற்றுப் பிற்பகல் இரண்டு மணிக்கு, அறை 36 பாகையில் இருந்தபோது, மகள் ஒரு மணி நேரம் பிளெண்டரில் ரெண்டர், அதாவது வடிவமைத்த காட்சியை முழுப் படமாக்கும் வேலை, ஓட்டினாள். கார்டு 71க்கு மேல் ஏறவில்லை. சாக்கெட்டின் எர்த் கம்பி சுவருக்குள்ளேயே துண்டிக்கப்பட்டிருந்ததை எலக்ட்ரீஷியன் கண்டுபிடித்துச் சரிசெய்தார். இப்போது திருகில் டெஸ்டர் எரிவதில்லை.