எல்1 எலும்பு முறிஞ்சு 7 மாசம் ஆச்சு, இடது பாதம் தூக்க வரல, யாராச்சும் இத தாண்டி வந்திருக்கீங்களா?

பெரம்பூர்வாசி:
எல்லாருக்கும் வணக்கம். வயசு 43. பொங்கலுக்கு முன்னாடி தண்ணி டேங்க் கழுவ ஏணில ஏறி வழுக்கி விழுந்ததுல கீழ்முதுகு எல்1 எலும்பு நொறுங்கிடுச்சு, ராடு ஸ்க்ரூ வச்சு ஆபரேஷன் பண்ணாங்க. எலும்பு நல்லா சேந்துடுச்சுன்னு எக்ஸ்ரே பாத்து டாக்டர் சொல்லிட்டார். ஆனா கால்தான் பிரச்சனை. இடது பாதம் மேல தூக்க வரல, பெருவிரல் தரைல உரசுது, அதனால இடுப்ப தூக்கித் தூக்கி நடக்கறேன், முட்டி வேற திடீர்னு மடங்கிடுது. ராத்திரியானா ஷாக் அடிக்கற மாதிரி எரிச்சல்.

போன வாரம் பால் வாங்கிட்டு வீட்டு வாசலுக்கு வந்து குனிஞ்சு பாத்தா இடது கால்ல செருப்பே இல்ல. தெருமுனைல கழண்டு கெடந்திருக்கு, அவ்ளோ தூரம் வெறுங்கால்ல வந்தது எனக்குத் தெரியவேயில்ல. பொண்ணு ஓடிப்போய் எடுத்துட்டு வந்தா. அன்னிக்கு ராத்திரி பூரா தூக்கமே வரல.

டிஸ்சார்ஜ் அப்போ எக்சர்சைஸ் படம் போட்ட ஒரு பேப்பர் குடுத்தாங்க, அதோட சரி. வீடு ரெண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. கைத்தடி வச்சிருக்கேன். இது சரியாகுமா?

வடபழனிபொண்ணு:
அண்ணா, செருப்பு விஷயம் படிச்சதும் எங்கப்பா ஞாபகம் வந்துடுச்சு. அவருக்கும் இடுப்பு எலும்பு முறிஞ்சு ஒரு பாதம் மரத்துப்போச்சு. மே மாசம் மத்தியானம் மொட்டைமாடில துணி எடுக்க வெறுங்கால்ல போயிட்டு வந்தார், சாயங்காலம் நான் பாத்தப்போ உள்ளங்கால்ல பெரிய கொப்புளம், அவருக்கு வலியே இல்ல. அது ஆற ரெண்டு மாசம் ஆச்சு. அதுலேர்ந்து தெனமும் படுக்கறதுக்கு முன்னாடி கண்ணாடிய கீழ வச்சு பாதம், விரல் இடுக்கு எல்லாம் பாக்கறோம். நீங்களும் பாருங்க ப்ளீஸ். ஹவாய் செருப்பு வேணவே வேணாம், பின்னாடி ஸ்ட்ராப் இருக்கறதா போடுங்க.

கே.கே. நகர்ல அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம் இருக்கு, அங்க பிசியோவும் இருக்கு, பாதத்த தாங்கற ஸ்ப்ளிண்ட்டும் (கால்ல மாட்டற பட்டை) அளவெடுத்து செய்றாங்க. டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன், ஆதார் எல்லாம் எடுத்துட்டு காலைலயே போயிடுங்க.

பிசியோ_தாம்பரம்:
சார், நான் பிசியோதெரபிஸ்ட். நேர்ல பாக்காம முழுசா சொல்ல முடியாது, ஆனா மொதல்ல ஒண்ணு கேக்கறேன். யூரின், மோஷன் நார்மலா போகுதா? உக்கார்ற எடத்துல மரப்பு இருக்கா? அது புதுசா வந்தாலோ, கால் பலம் திடீர்னு கொறஞ்சாலோ அன்னிக்கே எமர்ஜென்சிக்குப் போகணும், ஒரு நாள் கூட தள்ளக்கூடாது.

தண்டுவடம் எல்1 எல்2 கிட்டயே முடிஞ்சிடும், அதுக்குக் கீழ குதிர வால் மாதிரி நரம்புக் கொத்துதான். அந்த எடத்துல அடிபட்டதால முதுகு சரியானாலும் கால் இப்படி இருக்கு. நீங்க சொல்றத பாத்தா ஃபுட் டிராப், அதாவது பாதத்த மேல தூக்க முடியாம தொங்கிப்போறது, மாதிரி தெரியுது. நரம்பு வளர்ந்தாலும் ஒரு நாளைக்கு 1 மில்லிமீட்டர் கணக்குலதான் வளரும், 7 மாசத்துல முடிவு கட்டாதீங்க. அதுவரைக்கும் பாதத்த தாங்கிப் புடிக்க ஏ.எஃப்.ஓ ஸ்ப்ளிண்ட் போடணும், கெண்டைக்கால் சத இறுகிடாம தெனமும் டவல் போட்டு பாதத்த உங்க பக்கமா இழுத்து ஸ்ட்ரெச் பண்ணணும். ஸ்ப்ளிண்ட்டுக்கு உள்ள காட்டன் சாக்ஸ் கட்டாயம், நம்ம ஊரு வேர்வைல தோல் உரிஞ்சிடும்.

கைத்தடி எந்தக் கைல புடிக்கறீங்க? இடது கால் வீக்னா தடி வலது கைல இருக்கணும். மாடி ஏறும்போது நல்ல கால் முன்னாடி, எறங்கும்போது தடியும் வீக்கான காலும் முன்னாடி, இன்னொரு கை கைப்பிடில.

ஆலந்தூர்காரன்:
பிரதர், எனக்கு எல்2 எலும்பு முறிஞ்சு 6 வருஷம் ஆச்சு. உண்மைய சொல்றேன், முட்டி பலம் ஒரு வருஷத்துல நல்லா வந்துச்சு, பாதம் முழுசா வரல. இன்னிக்கும் ஸ்ப்ளிண்ட்டோடதான் வேலைக்குப் போறேன். ஆனா போறேன். அத போட்ட மொத நாள் பெருவிரல் தரைல உரசாம நாலு அடி வச்சேன், சுவத்த புடிச்சிட்டு அழுதுட்டேன்.

ராத்திரி எரிச்சலுக்கு டாக்டர் எனக்கு ப்ரீகாபலின் குடுத்தார், கேட்டது, ஆனா தல சுத்தும், பாத்ரூம் போறப்ப லைட் போட்டுட்டு போங்க. நீங்களா கடைல வாங்காதீங்க, டாக்டர்கிட்ட எரிச்சல்னு தனியா சொல்லுங்க, நாம சொன்னாதான் அவங்களுக்குத் தெரியும். பாத்ரூம்ல கைப்பிடி அடிச்சிடுங்க, வெஸ்டர்ன் டாய்லெட் இல்லன்னா மாத்துங்க, நான் விழுந்ததெல்லாம் ஈரத் தரைலதான். மாற்றுத்திறனாளி கார்டுக்கும் எழுதிப் போடுங்க, ஊனம் 40 சதவீதம்னு வந்தா சலுகையெல்லாம் இருக்கு. நான் அத வாங்கக் கூச்சப்பட்டு ரெண்டு வருஷம் வீணாக்கிட்டேன்.

பெரம்பூர்வாசி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பிசியோ சார், யூரின் மோஷன்லாம் நார்மல்தான், உக்கார்ற எடத்துலயும் மரப்பு இல்ல. தடிய இவ்ளோ நாள் இடது கைலதான் புடிச்சிட்டு இருந்தேன், யாருமே சொல்லல. இப்ப வலது கைக்கு மாத்தி ஹால்ல நாலு தடவ நடந்து பாத்தேன், இடுப்பு ஆட்டம் கொஞ்சம் கொறஞ்ச மாதிரி இருக்கு. தங்கச்சி, கண்ணாடி வச்சு பாதம் பாத்தோம், சுண்டுவெரலுக்கு அடில ஒரு வெட்டு இருக்கு, எப்ப பட்டுச்சுன்னே தெரியல, கழுவி மருந்து போட்டாச்சு. திங்கக்கிழம கே.கே. நகர் போறேன், பொண்ணு லீவ் போட்டுட்டு கூட வர்றா. போயிட்டு வந்து எழுதறேன்.