புதுச்சேரியிலிருந்து பிரான்ஸ்: சொந்த காரைக் கப்பலேத்தலாமா, அங்கே போய்ப் பழசு வாங்கலாமா?

முத்தியால்பேட்டை மைந்தன்:
வணக்கம். குடும்பத்தோட பிரான்ஸ் போறோம். மனைவிக்கு பிரெஞ்சுக் குடியுரிமை, அவங்க தாத்தா சொல்தா, அதாவது பிரெஞ்சு ராணுவத்துல இருந்தவர். எனக்கும் விசா வந்தாச்சு. பாரிசுக்கு வடக்கே சார்செல் பக்கம் வீடு பார்த்திருக்கோம். இப்ப குழப்பமே கார்தான். 2019 எக்கோஸ்போர்ட் பெட்ரோல், பி.ஒய் 01 பதிவு, கடன் முடிஞ்சது, ஒரே ஓனர். ஃபோர்டு 2021ல இங்க உற்பத்தியை நிறுத்துறதா அறிவிச்சதுலேர்ந்து வியாபாரிங்க அடிமாட்டு விலைக்குக் கேக்குறாங்க. கடலூர், விழுப்புரம் ஆளுங்களுக்கு விக்கலாம்னா, தமிழ்நாட்டுப் பதிவுக்கு மறுபடி சாலை வரி கட்டணுமேன்னு அதையும் விலையில கழிக்கிறாங்க. அங்க இதே வண்டிக்குச் சொல்ற விலையைப் பார்த்தா தலை சுத்துது. பேசாம எடுத்துட்டே போயிடலாமா?

கடலூர் ஓ.டி.க்காரன்:
எடுத்துட்டுப் போங்க தம்பி, யோசிக்கவே வேணாம். குடிபெயர்ந்து போறவங்களுக்கு ஐரோப்பாவுல வரிச்சலுகை இருக்கு. வெளிநாட்டுல குறைஞ்சது 12 மாசம் வாழ்ந்திருக்கணும், வண்டி 6 மாசமாவது உங்க கையில ஓடியிருக்கணும், குடியேறின 12 மாசத்துக்குள்ள இறக்கணும், இறக்கின பிறகு 12 மாசம் விக்கவோ வாடகைக்கு விடவோ கூடாது. இது எல்லாமே உங்களுக்குப் பொருந்துது. சலுகை இல்லாதவன் 10 சதவீத சுங்கம், அதுக்கு மேல 20 சதவீத வாட் வரி கட்டணும். வண்டியும் கப்பல் செலவும் சேர்த்து 8,000 யூரோன்னு வச்சா சுங்கம் 800, அப்புறம் 8,800க்கு வாட் 1,760. ஆக 2,560 யூரோ உங்களுக்கு மிச்சம். எவனோ ஓட்டித் தேய்ச்ச வண்டியை எதுக்குத் தலையில கட்டிக்கணும்?

சார்செல் அக்கா:
தம்பி, அவசரப்படாதீங்க. ஓ.டி. அண்ணன் வரி பத்திச் சொன்னது சரி. ஆனா இங்க ஆளைக் கவுக்கிறது வரி இல்லை, பதிவு. சுங்கத்துல சலுகை வாங்கி வண்டியை லு ஆவ்ர் துறைமுகத்துல இறக்கிடலாம். அதுக்கப்புறம் கார்த் கிரீஸ் வேணும், அதாவது நம்ம ஊர் ஆர்.சி. அதைக் கேட்டா முதல் கேள்வியே, "இந்த வண்டி ஐரோப்பியத் தரத்துக்குச் செய்ததுன்னு கம்பெனி கொடுத்த சான்று எங்கே?" இந்தியச் சந்தைக்குச் செய்த வண்டிக்கு அது கிடையாது. அது இல்லேன்னா உங்க ஒரு வண்டிக்குன்னு தனி ஒப்புதல் வாங்கணும். எந்தெந்தப் பாகத்துக்குக் காகிதம் இல்லையோ அதையெல்லாம் மோன்லெரியில இருக்கிற சோதனைக்கூடத்துக்குக் கொண்டுபோய்க் காட்டணும். செலவு முழுக்க உங்க தலையில. பாஸ் ஆகும்னு உத்தரவாதமும் இல்லை.

கடலூர் ஓ.டி.க்காரன்:
அக்கா, ஒண்ணு கேக்குறேன். ஐரோப்பாவுல முதல்ல இறங்கின எக்கோஸ்போர்ட் எல்லாம் எங்க செஞ்சது? நம்ம மறைமலைநகர்ல. 2017ல ருமேனியாவுக்கு மாத்துற வரைக்கும் சென்னையிலேர்ந்துதான் கப்பலேறுச்சு. அதே தொழிற்சாலை, அதே ஆளுங்க. அந்த வண்டி தரமா இருந்துச்சுன்னா தம்பி வண்டி மட்டும் எப்படித் தரமில்லாமப் போகும்?

சார்செல் அக்கா:
தரம் இல்லைன்னு நான் சொல்லலையே. தொழிற்சாலை ஒண்ணுதான், வண்டி வேற. ஏற்றுமதி வண்டி இடது ஸ்டியரிங், ஐரோப்பிய விதிப்படி பூட்டினது. இங்க ஓடுறதுல பெரும்பாலும் 1.0 எக்கோபூஸ்ட். தம்பியோடது 2019 பெட்ரோல்னா 1.5 டிராகன் இன்ஜினா இருக்கும். அது பி.எஸ் 4 காலத்து வண்டி, அதாவது நம்ம ஊர்ப் பழைய புகை விதிப்படி செய்தது. பி.எஸ் 6 நம்ம ஊர்ல 2020 ஏப்ரல்லதான் வந்துச்சு. அதே 2019ல இங்க புது வண்டிக்குப் புகை விதி யூரோ 6. வழுக்கும்போது வண்டியைப் பிடிச்சு நிறுத்துற இ.எஸ்.சி., டயர் காத்தைக் கண்காணிக்கிற கருவி, இந்த ரெண்டும் 2014 நவம்பர்லேர்ந்து புது கார் எல்லாத்துக்கும் கட்டாயம். பின்பக்கப் பனிமூட்ட விளக்கும் வேணும். இதுல எது தம்பி வண்டியில இருக்கு?

வில்லியனூர் மெக்கானிக்:
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். ஹெட்லைட்டை யாருமே சொல்லலை. தம்பி, இன்னைக்கு ராத்திரி வண்டியைச் சுவருக்கு நேரா ரெண்டு ஆள் நீளம் தள்ளி நிறுத்தி லோ பீம் போட்டுப் பாருங்க. வெளிச்சத்தோட மேல்கோடு வலப்பக்கம் மட்டமா இருக்கும், இடப்பக்கம் மட்டும் சாய்வா மேல ஏறும். சாலையோரத்துல நடக்கிறவன் தெரியணும்னுதான் அப்படி. பிரான்ஸ்ல வலப்பக்கமா ஓட்டுறப்ப அந்தச் சாய்வு எதிர்ல வர்றவன் கண்ணுலதான் அடிக்கும். ஸ்க்ரூ திருகிச் சரி பண்ற சமாச்சாரம் இல்லை, ரெண்டு விளக்கையும் முழுசா மாத்தணும்.

கடலூர் ஓ.டி.க்காரன்:
மாத்தட்டுமே! அந்த மாடல் அங்க ஓடுதுன்னா விளக்கும் அங்கேயே கிடைக்கும். வலது ஸ்டியரிங் வண்டிக்கு பிரான்ஸ்ல தடையும் இல்லை. என் மச்சான் சிங்கப்பூர்லேர்ந்து இங்கிலாந்துக்கு மாறினப்ப டொயோட்டாவைக் கையோட கொண்டுபோனார், இன்னைக்கும் அதுலதான் வேலைக்குப் போறார். எத்தனை வருஷம் பார்த்துப் பார்த்து சர்வீஸ் விட்ட வண்டி! எப்ப ஆயில் மாத்தினோம், எங்க உரசினோம் எல்லாம் நமக்குத் தெரியும். மொழி சரியா வராத ஊர்ல, மீட்டரைத் திருப்பி வச்சு ஒருத்தன் வித்துட்டுப் போனா யார்கிட்ட போய்ச் சொல்றது? அந்தப் பயத்துக்கு விலை போட்டுப் பாருங்க.

சார்செல் அக்கா:
உங்க மச்சான் போனது இங்கிலாந்து அண்ணா. அங்க ஸ்டியரிங்கும் விளக்கும் நம்ம பக்கம். அங்கேயும் 10 வருஷத்துக்குள்ள இருக்கிற வண்டின்னா ஒப்புதல் காட்டணும், ஆனா பாதிக் கிணறு தாண்டின மாதிரி. இங்க வலது ஸ்டியரிங்கோட வாழ்ந்து பாருங்க. சுங்கச்சாவடி டிக்கெட் இடப்பக்கம், நிலத்தடி பார்க்கிங் டிக்கெட்டும் இடப்பக்கம், பக்கத்துல ஆள் இல்லேன்னா இறங்கித்தான் எடுக்கணும். அது போகட்டும். போக ஒண்ணு, வர ஒண்ணுன்னு இருக்கிற கிராமத்து ரோட்டுல லாரிக்குப் பின்னாடி மாட்டினா, எதிர்ல என்ன வருதுன்னு எட்டிப் பார்க்க முடியாது. பிள்ளைங்களை வச்சுக்கிட்டு அப்படி முந்தணுமா?

பழைய வண்டிப் பயத்துக்கு இங்க வழி இருக்கு. 4 வருஷம் தாண்டின வண்டியை விக்கிறவர், 6 மாசத்துக்குள்ள எடுத்த கொந்த்ரோல் தெக்னிக் சோதனைத் தாளைக் கொடுத்தாகணும். துரு, பிரேக், புகை எல்லாம் அதுல எழுதியிருக்கும். அரசாங்கமே நடத்துற இஸ்தோவெக் தளம் இருக்கு, காசு கிடையாது. எத்தனை கை மாறிச்சு, பெரிய விபத்து ஏதும் உண்டா, ஒவ்வொரு சோதனையிலேயும் கிலோமீட்டர் எவ்வளவுன்னு காட்டும். விக்கிறவரையே அந்த இணைப்பை அனுப்பச் சொல்லுங்க. தயங்கினா அடுத்த வண்டி. வண்டி மேல கடன், தடை இல்லைன்னு 15 நாளைக்குள்ள எடுத்த சான்றும் கேளுங்க. ஒண்ணு சொல்லட்டுமா, நம்ம ஊர்ல பழைய கார் வாங்குறப்ப இதுல பாதி விவரம்கூடக் கையில கிடைக்காது.

முத்தியால்பேட்டை மைந்தன்:
இன்சூரன்ஸ் எப்படிக்கா?

சார்செல் அக்கா:
இங்க உங்க பேர்ல பழைய இன்சூரன்ஸ் வரலாறு கிடையாது. அதனால புது ஓட்டுநர்னு கூடுதல் கட்டணம் போடுவாங்க, முதல் வருஷம் இரட்டிப்பு வரைக்கும் போகலாம். அது எந்த வண்டிக்கும்தான். ஆனா ஒப்புதல் வர்ற வரைக்கும் உங்க எக்கோஸ்போர்ட்டை ரோட்டுல எடுக்க முடியாது, அடுக்குமாடியில நிறுத்த இடத்துக்கும் வாடகை. அந்த மாசமெல்லாம் பிள்ளையைப் பள்ளிக்கு எதுல கொண்டுபோய் விடுவீங்க?

கடலூர் ஓ.டி.க்காரன்:
எல்லாம் சரி, ஆனா விசாரிக்காமலே வித்துடாதீங்கன்னுதான் நான் சொல்றேன். சேசிஸ் நம்பரைப் போட்டு கம்பெனியோட ஐரோப்பிய அலுவலகத்துக்கு ஒரு மெயில் அனுப்பிக் கேளுங்க. கேக்குறதுக்குக் காசா பணமா?

வில்லியனூர் மெக்கானிக்:
அதுக்கு முன்னாடி ஒண்ணு பாருங்க தம்பி. சாவி போட்டு, ஸ்டார்ட் பண்ணாம டேஷ்போர்டைப் பாருங்க. கார் படத்துக்குக் கீழ வளைஞ்சு வளைஞ்சு ரெண்டு கோடு போட்ட விளக்கு எரிஞ்சு அணையணும். அதுதான் இ.எஸ்.சி. எரியலேன்னா உங்க வேரியன்ட்ல அது இல்லை. பின்னாடி வாங்கிப் பூட்டற சாமானும் இல்லை அது. பிரேக் யூனிட், சென்சார், வயரிங் எல்லாத்தையும் பிரிச்சாகணும்.

முத்தியால்பேட்டை மைந்தன்:
இப்பதான் கீழ போய்ப் பார்த்துட்டு வரேன். ஏ.பி.எஸ், ஏர்பேக் விளக்கு எரிஞ்சு அணையுது. நீங்க சொன்ன படம் வரவே இல்லை. மனைவியும் பார்த்துட்டா. வித்துடலாம்னு முடிவு பண்ணிட்டோம்.

கடலூர் ஓ.டி.க்காரன்:
இ.எஸ்.சி. இல்லேன்னா இந்த வண்டிக்கு நானும் ஒத்துக்கிறேன். இங்கிலாந்து போறவங்களுக்கு நான் சொன்னது சொன்னதுதான். ஆனா வியாபாரிகிட்ட கொடுக்காதீங்க தம்பி. புதுச்சேரி முகவரி இருக்கிறவங்களுக்கே நேரா வித்தா சாலை வரிப் பேச்சே வராது. சர்வீஸ் பில் எல்லாத்தையும் ஒரே ஃபைல்ல போட்டு வையுங்க, வங்கிக் கடன் பதிவு ஆர்.சி.யிலேர்ந்து நீங்கியிருக்கான்னு முதல்ல பாருங்க. கடன் முடிஞ்சும் அதை எடுக்காம விட்டவங்க நிறையப் பேர், கடைசி வாரத்துல அலையுவாங்க.

வில்லியனூர் மெக்கானிக்:
ஞாயித்துக்கிழமை வண்டியைக் கொண்டாங்க. கிளட்ச், சஸ்பென்ஷன் பார்த்து எழுதித் தரேன், வாங்க வர்றவங்ககிட்ட காட்டலாம்.